ஆப்ல தமிழ் சேர்க்கிறீங்களா? கேளுங்க, சொல்றேன்

ஆப்களுக்கு புது மொழி சேர்க்கிறதுதான் எனக்கு சோறு போடுற வேலை. இன்னைக்கு ராத்திரி ஃப்ரீ, கேளுங்க.

அண்ணா, டெலிவரி ஆப் ஒண்ணு பண்றேன், எல்லா வார்த்தையும் கோடுக்குள்ளயே இங்கிலீஷ்ல கெடக்கு. எங்கருந்து ஆரம்பிக்க?
ஸ்க்ரீன்ல தெரியற ஒவ்வொரு வார்த்தையையும் பிடுங்கி தனி ஃபைல்ல போடு தம்பி. ஆண்ட்ராய்டுன்னா ஸ்ட்ரிங்ஸ் ஃபைல், ஃப்ளட்டர்ங்கிற ஆப் செய்யற கருவின்னா ஏஆர்பி ஃபைல். கடுப்பான வேலைதான், வேற வழியில்ல.

ஊர் பேரோட "க்கு கிளம்பிடுச்சு"ன்னு ஒட்டுறேன், மதுரைக்கு ஓகே, ஆனா "சேலம்க்கு"ன்னு வருதே?
எல்லாரும் மாட்டுற எடம் இது. மதுரைக்கு, சேலத்துக்கு, கடலூருக்கு, ஈரோட்டுக்குன்னு உருபு சேரும்போது பேரோட வாலே மாறிடும், நானும் ஒரு காலத்துல "ம்"ல முடிஞ்சா "த்துக்கு"ன்னு இஃப் போட்டு பெருமைப்பட்டுட்டு இருந்தேன், அப்புறம் ஈரோடு வந்து எல்லாத்தையும் கவுத்துச்சு. உருபே வராத மாதிரி எழுதிடுங்க: "ஆர்டர் கிளம்பிடுச்சு. போற ஊர்: சேலம்". அப்புறம் வாக்கியத்தை துண்டு துண்டா வெட்டி மொழிபெயர்க்கிறவங்ககிட்ட குடுக்காதீங்க, முழுசா குடுங்க, நமக்கு வினை கடைசியில வரும்ல.

பேர் பாக்ஸ்ல 10 எழுத்து லிமிட் வச்சேன், சின்ன பேருக்கே நின்னுடுது ப்ரோ.
"தமிழ்" நம்ம கண்ணுக்கு 3 எழுத்து, எழுத்துக்கு கம்ப்யூட்டர் நம்பர் குடுக்கிற யூனிகோடுல 5 குறியீடு, அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில 15 பைட். லிமிட்டுக்கு அதையெல்லாம் விட்டுட்டு கண்ணுக்குத் தெரியற எழுத்தை, அதாவது கிராஃபீமை எண்ணுங்க.

கஸ்டமர் லிஸ்ட்ல கமலாவுக்கு முன்னாடி கனி வருது, பக்கா?
இல்ல. யூனிகோடு அட்டவணையில "ன" முன்னாடியே உக்காந்திருக்கு, நம்ம நெடுங்கணக்குல அது கடைசி மெய். குறியீட்டு வரிசைப்படி அடுக்குற வெறும் சார்ட் போடாம ஐசியு கொலேஷன் போடுங்க, அது அந்தந்த மொழியோட அகர வரிசைப்படி அடுக்குற ரெடிமேட் கோடு.

தொகைக்கு கமா எங்க சார்?
மொழியோட நாட்டையும் பாக்கணும். இந்தியத் தமிழுக்கு 12,34,567, சிங்கப்பூர் தமிழுக்கு 1,234,567. லோகேல், அதாவது மொழியும் நாடும் சேர்ந்த அடையாளம், சரியா குடுத்தா லைப்ரரியே பாத்துக்கும்.

அடுத்து அரபி சேர்க்கச் சொல்றாங்க…
ஐயோ பாவம். லேஅவுட்ல லெஃப்ட், ரைட்னு எழுதினதெல்லாம் ஸ்டார்ட், எண்ட்னு மாத்துங்க, அரபி எழுதுறது வலமிருந்து இடம். எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி வாக்கியம் மாத்த தமிழுக்கு ஒருமை பன்மைன்னு 2 வகை போதும், அரபிக்கு 6.

மொழி பட்டனுக்கு கொடி வைக்கலாமா?
தமிழுக்கு எந்தக் கொடி வைப்பீங்க, இந்தியாவா இலங்கையா சிங்கப்பூரா? பேசாம "தமிழ்"னு எழுதிடுங்க.