கோபுரக் கம்பியா, காலை வெயிலா?

கேள்வி: வணக்கம்ங்க. எங்கள் தோட்டத்தின் மேல் உயர்மின் கம்பி போகிறது, வீடு ஐந்நூறு அடி தள்ளி இருக்கிறது. கம்பிவேலியைத் தொட்டால் சுருசுரு என்கிறது, ராத்திரியில் ட்யூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறது. மருமகள் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறாள். ஒரு வருஷமாகப் பகலில் தூக்கமே இல்லை, மாதாமாதம் தேதியும் தப்புகிறது. கம்பியால்தானுங்களா?
(வாசகர், காங்கேயம் பக்கம்)

பதில்: ட்யூப்லைட் எரிவது உண்மைதான், நானே பெருந்துறை பக்கம் ஒரு காட்டில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், ஒயர் எதுவும் இல்லாமல் கைக்கு மேலே மட்டும் மங்கலாக மினுங்கும். கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் குழலுக்குள் இருக்கும் வாயுவைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். இனி நீங்கள் பிடிக்க வேண்டாம். அந்தக் கம்பிக்கடியில் நீளமான எதையும் தூக்கக் கூடாது, தேங்காய் பறிக்கும் தொரட்டியோ போர்வெல் வண்டியோ கம்பியை நெருங்கினாலே உயிர் போய்விடும். வேலியில் சுருசுரு என்பது கல்லுக்கால்களில் தரைத்தொடர்பு இல்லாமல் நிற்கும் கம்பியில் சேரும் மின்னூட்டம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நாலைந்து இடத்தில் எர்த் போடச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்குள். மின்புலத்தைச் சுவரே பெரும்பாலும் தடுத்துவிடும். காந்தப்புலம் சுவரைத் தாண்டும், ஆனால் தூரம் கூடக் கூட மளமளவென்று குறையும். ஐந்நூறு அடியில் அது வீட்டு ஒயரிங்கும் மிக்ஸியும் தருவதோடு கலந்து போகிற அளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் இந்தக் காந்தப்புலத்தை 2பி என்ற வகையில், அதாவது 'புற்றுநோய் தரக்கூடும்' என்று வைத்தது. காந்தப்புலம் சராசரி 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (அதை அளக்கும் அலகு) மேல் போகிற வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க் கணக்கு கொஞ்சம் கூடித் தெரிந்ததுதான் காரணம். அது எப்படி நடக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை.

அதே முகமை 2007-ல் நைட் ஷிப்ட் வேலையை அதற்கு ஒரு படி மேலே, 2ஏ-வில், அதாவது 'புற்றுநோய் தர அதிக வாய்ப்புண்டு' என்று வைத்தது, 2019-ல் திரும்பப் பார்த்தும் மாற்றவில்லை. ஆதாரம் எவ்வளவு வலு என்பதைத்தான் இந்தப் படிகள் சொல்கின்றன, யாருக்கு எவ்வளவு கேடு என்பதை அல்ல. ஆனாலும் நீங்கள் கம்பியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மருமகளின் உடம்பு வேறு ஒன்றோடு மல்லுக்கட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் விழித்திரையில் உருவம் பார்ப்பதற்கு அல்லாமல் பகலா ராத்திரியா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன, 2002-ல்தான் தெளிவாகத் தெரிந்தது. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல வெளிச்சத்துக்கு அவை நன்றாக அசைந்து கொடுக்கும். மில்லின் வெள்ளை விளக்கு ராத்திரி முழுக்க அவற்றைத் தட்டி எழுப்ப, ராத்திரி ஆகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு அடங்கிவிடுகிறது. காலையில் மில் வண்டியிலிருந்து இறங்கும்போது வெயில் முகத்தில் அடிக்கிறது, 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்கிறது மூளை. அப்புறம் எப்படித் தூக்கம் வரும்?

வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடட்டும். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி, செல்போன் வேறு அறையில். பகலில் அவள் தூங்கும்போது யாரும் கூப்பிடாமல் இருப்பது வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பு. ஷிப்டை வாராவாரம் மாற்றாமல் தர முடியுமா என்று மில்லில் கேளுங்கள். தேதி தப்புவதை இதோடு சேர்த்து விட்டுவிடாமல் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள், தைராய்டாகவும் இருக்கலாம்.

கேள்வி: கோழிப்பண்ணையில் விடியும் முன்பே பல்பு போடுகிறார்களே, ஏன்?
(வாசகி, நாமக்கல்)

பதில்: முட்டைக்கு. நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரம் சுமார், முட்டைக்கோழிக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும், மீதியைப் பல்பு ஈடுகட்டுகிறது. இதில் எனக்கு இன்றும் வியப்பு என்னவென்றால் கோழி இதைக் கண்ணால் மட்டும் வாங்கவில்லை. வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே போய்ச் சேருகிறது. 1930-களில் பிரான்சில் ழாக் பெனுவா என்பவர், கண் இல்லாத வாத்துகூட வெளிச்சத்துக்கு ஏற்ப இனப்பெருக்கப் பருவத்துக்கு வருவதைக் காட்டினார். சிவப்பு வெளிச்சம்தான் நன்றாக ஊடுருவும். டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள், மறுபக்கம் சிவப்பாகத்தான் தெரியும்.