டிசிஎஸ் விஆர்: பெடலை மிதித்தால் விமானம் சாய்கிறதா?

டிசிஎஸ்ஸை (போர் விமானம் ஓட்டுற கணினி விளையாட்டு) விஆர் ஹெட்செட்டில் ஆடும்போது பெடலை மிதிச்சா விமானம் சாயுது, விண்டோஸில் மூணு தடவை காலிப்ரேட் செஞ்சும் மாறலைன்னு கேட்டிருந்தீங்க. உங்க ஸ்டிக் நல்லாத்தான் இருக்கு, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் புதுசு வாங்கிடாதீங்க. பெடலோட டோ பிரேக்தான் (கால் விரல் பக்கம் அழுத்துற சக்கர பிரேக்) விமானத்தைச் சாய்க்குது.

புதுக் கருவியைச் செருகினதும் டிசிஎஸ் அதோட எக்ஸ், ஒய் அச்சுகளைத் தானாவே ரோலுக்கும் (இறக்கை சாயறது) பிட்ச்சுக்கும் (மூக்கு ஏறி இறங்குறது) கொடுத்துடும். பெரும்பாலான பெடல்களில் அந்த ரெண்டும் இடது, வலது பிரேக். அதனாலதான் ஒரு காலை அழுத்தினா இறக்கை சாயுது, இன்னொரு காலுக்கு மூக்கு ஏறி இறங்குது. நீங்க விண்டோஸில் மூணு தடவை காலிப்ரேட் செஞ்சும் மாறாதது இதனாலதான்.

1. ஹெட்செட்டைக் கழட்டிட்டு மானிட்டரிலேயே செய்யுங்க. ஆப்ஷன்ஸில் கண்ட்ரோல்ஸ் போய், சு-25டி விமானத்தைத் தேர்ந்தெடுத்து, ஆக்ஸிஸ் கமாண்ட்ஸைத் திறங்க.

2. பிட்ச், ரோல் வரிசைகளில் ஸ்டிக்கைத் தவிர மத்த எல்லாக் கட்டத்தையும் கிளியர் பண்ணுங்க. த்ராட்டில் கட்டத்தை மறந்துடாதீங்க, அதுவும் இதே வேலையைச் செய்யும்.

3. காக்பிட்டில் வலது கண்ட்ரோலும் என்டரும் அழுத்தினா சின்னக் கட்டம் வரும். ஸ்டிக்கைத் தொடாம பெடலை மட்டும் மிதிங்க. நடுவில் இருக்கிற குறி அசையவே கூடாது. கீழே ரடர் (மூக்கை இடம் வலமா திருப்புற வால் சுக்கான்) கோடு மட்டும்தான் நகரணும்.

அப்படியே அதே கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் யூஐ லேயரில் விஆர் ரீசென்டரை (பார்வையைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர்றது) ஸ்டிக் பட்டன் ஒண்ணுக்குக் கொடுத்துடுங்க. ஹெட்செட் போட்டுட்டு கீபோர்டைத் தடவுறது பெரிய இம்சை.

ஒண்ணு கவனிங்க: ஒவ்வொரு விமானத்துக்கும் இதைத் தனித்தனியா செய்யணும். யூஎஸ்பி போர்ட்டை மாத்தினா அமைப்பு போயிடலாம், அதனால சேவ் ப்ரொஃபைல் போட்டு வைங்க.