எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பாறையின் அழுத்தத்தைக் கணிக்கச் சூத்திரம் மட்டும் போதாதா?

கேட்டிருப்பவர் சென்னையில் நிலவியல் படிக்கும் மாணவர். "ஈட்டன் சூத்திரம் இருக்கும்போது, துளையிடுகையில் அடியிலுள்ள அழுத்தத்தைக் கணிக்கத் தனியாக ஆட்கள் எதற்கு?" என்கிறார். சூத்திரத்தில் குறையில்லை, தம்பி. அதற்குள் போடும் எண்ணில்தான் வில்லங்கம். ரிக்கில், துளையிலிருந்து மேலே வரும் சேற்றுக்குழம்பையும் ('மட்') வாயுவையும் கண்காணிக்கும் மட் லாகராக இருந்து, இப்போது சென்னை அலுவலகத்தில் அதே வேலையைத் திரையில் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

3000 மீட்டர் ஆழத்தில் நன்னீர் நிரம்பி நின்றால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ. உப்புநீருக்கு 310 என்று வைத்துக்கொள்வோம். மேலே கிடக்கும் பாறையின் மொத்தச் சுமை ஏறக்குறைய 690. பாறைத் துளைகளிலுள்ள நீர் வெளியேற வழியிருந்தால் அதன் அழுத்தம் 310-இலேயே நிற்கும். வண்டல் வேகமாகக் குவிந்த இடங்களில் களிப்பாறை அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிப் பிழிவதைப் போல, நீர் வெளியேற முடியாமல் சுமையில் ஒரு பங்கைத் தானே தாங்குகிறது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிடுவோருக்கு இது பழகிய தொல்லை. (நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழேயுள்ள நிலத்தடி நீர் சுரங்கத் தரையைத் தூக்கிவிடாமலிருக்க ஓயாமல் பம்ப் ஓடுகிறது. அங்கே காரணம் வேறு என்றாலும், அடைபட்ட நீர் மேலே தள்ளும் என்பது இரண்டுக்கும் பொது.)

நீர் வெளியேறாத களிப்பாறை இறுகாது. இறுகாத பாறையைத் துளையிடும் முனையான பிட் சுலபமாகத் தின்றுகொண்டு போகும். துளையிடும் வேகம், சுழற்சி, பிட் மேல் வைக்கும் எடை, பிட்டின் விட்டம் ஆகிய நான்கையும் ஒரே எண்ணாக்கும் 'டி அடுக்கு' 1966-இல் ஜோர்டன், ஷர்லி இருவரின் ஆய்விலிருந்து வந்தது. துளைக்குள் ஓடவிட்டு அடியழுத்தத்தைச் சமன்செய்யும் மட்டின் அடர்த்திக்கான திருத்தத்தை 1971-இல் ரெம், மெக்லெண்டன் சேர்த்தார்கள். ஆழம் கூடக்கூட இந்த எண் ஏற வேண்டும். களிப்பாறைக்குள்ளேயே போகும்போது ஏறாமல் இறங்கினால், மிகை அழுத்தம் தொடங்கியிருக்கலாம். அந்த இறக்கத்தை அழுத்தமாக மாற்றித் தருவதுதான் ஈட்டனின் 1975-ஆம் ஆண்டுச் சூத்திரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மிகை அழுத்தம் இல்லாவிட்டால் டி அடுக்கு ஆழத்தோடு எப்படி ஏறும் என்று நீங்கள் வரைந்த இயல்புக் கோட்டின்படி இருக்க வேண்டியதில் 0.8 பங்குதான் கிடைக்கிறது என்றால், 380-ஐ (690-இல் 310 போக மீதி) 0.8-இன் 1.2 அடுக்கால் பெருக்கி 690-இலிருந்து கழிக்க வேண்டும். சுமார் 399 வரும். அதைச் சமன்செய்ய மட்டின் அடர்த்தி நன்னீரைப்போல் 1.33 மடங்கு வேண்டும். பக்கத்து மேசைக்காரர் கோட்டைச் சற்றுச் சாய்த்துப் போட்டு, "இல்லை, 0.7" என்கிறார். அவருக்கு 442 வருகிறது, அடர்த்தி 1.47. உண்மை அவர் பக்கம் இருந்து நீங்கள் 1.33-ஓடு போனால், அடியிலிருந்து வாயு உள்ளே வரும். உண்மை உங்கள் பக்கம் இருந்து அவர் 1.47 ஏற்றினால், மேலேயுள்ள பலவீனமான பாறை விரிசல்விட்டு மட்டைக் குடிக்கத் தொடங்கலாம். கோட்டை எங்கே போடுவது என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

போதாக்குறைக்கு, டி அடுக்கு என்பது, பாறையை நொறுக்கும் பழைய உருளைப் பிட்டுகளுக்காகப் பிறந்தது. செயற்கை வைரப் பற்கள் கொண்ட இன்றைய பிடிசி பிட் பாறையைச் சீவுகிறது. அதோடு அடியில் மோட்டாரும் சுழன்றால், மேலே தெரியும் சுழற்சி எண்ணை அப்படியே நம்ப முடியாது. துளைக் குழாயோடு இறங்கும் கருவிகள் தரும் ஒலிவேகமும் மின்தடையும் இதைவிட மேல். அவற்றுக்கும் ஒரு கோடு போட்டாக வேண்டும், அது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், நான் முதலில் பார்ப்பது வாயுவை. புதிய குழாயைச் சேர்க்கப் பம்பை நிறுத்தும்போது, மட் ஓடுவதால் அடியில் கிடைத்துவந்த கூடுதல் அழுத்தம் போய்விடுகிறது. அந்தச் சில நிமிடங்களில் பாறை கொஞ்சம் வாயுவை உள்ளே விட்டால், அது மேலே வந்துசேர ஒரு மணி நேரம்கூட ஆகும். குழாய் சேர்த்த ஒவ்வொரு முறைக்கும் சரியாக அந்த இடைவெளி கழித்து வரைபடத்தில் ஒரு கூம்பு எழுந்தால், பாறையின் அழுத்தம் மட் நிற்கும்போதைய அழுத்தத்துக்கும் ஓடும்போதைய அழுத்தத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இது பாறையே கொடுக்கும் வாக்குமூலம். கூம்புகள் வரவர உயர்ந்தால் டிரில்லரைத் தொலைபேசியில் அழைக்க யோசிக்கவே கூடாது. சல்லடையில் நீளமான, மெல்லிய, வளைந்த களிப்பாறைச் சிம்புகளும் விழுந்தால் இன்னும் அவசரம்.

நேரடியாக அளக்கவும் கருவி உண்டு: கிணற்றுச் சுவரில் குழலை அழுத்தி அளப்பது. மணற்பாறையில் அருமையாக வேலை செய்யும். களிப்பாறையில் நீர் நகராததால் பயனில்லை. வெப்பத்தில் வாயு உருவாகி அழுத்தம் பிறகு ஏறிய பாறையோ, ஏற்கனவே இறுகிவிட்டதால் கோட்டை விட்டு அதிகம் விலகாமல் ஏமாற்றும். அதற்கு 1995-இல் பவர்ஸ் வேறு வழி சொன்னார். அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திராவின் பாசர்லபூடியில் கிணறு பற்றிக்கொண்டு 65 நாள் எரிந்தது. துல்லியமான விடை வேண்டுமென்று அந்த எல்லை வரை போக எவரும் விரும்பமாட்டார்கள்.

உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். தோண்டி முடித்த ஒரு கிணற்றின் மட் லாக் தாளைக் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். வாயுவும் மட் அடர்த்தியும் உள்ள பத்திகளை மறைத்துவிட்டு, டி அடுக்கில் மட்டும் கோடு போட்டு அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். பிறகு மறைத்ததைத் திறந்து ஒப்பிட்டு, எந்த ஆழத்தில் விலகினீர்கள், அங்கே பிட் மாற்றினார்களா என்று பாருங்கள்.