உயரத்தை வைத்து அம்பின் நீளத்தை முடிவு செய்யலாமா?

மகனின் உயரத்தைச் சொன்னால் காம்பவுண்ட் வில்லுக்கான (முனைகளில் கப்பி போன்ற சக்கரங்கள் உள்ள வில்) அம்பை அளவாக வெட்டி அனுப்புவதாகக் கடைக்காரர் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ப வேண்டாம். உங்கள் மகன் இப்போதுதான் தொடங்குகிறான், இன்னும் வளரும் வயது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் விஜயவாடாவின் ஜோதி சுரேகா காம்பவுண்ட் பிரிவில் மூன்று தங்கம் வென்ற பிறகு, எங்கள் ஊரான நகரிப் பக்கத்திலும் பிள்ளைகளுக்கு வில் வாங்கித் தரும் ஆசை வந்துவிட்டது. என் தம்பி மகனுக்கும் வந்தது. தொலைபேசியில் உயரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, 26 அங்குலத்தில் வெட்டிய ஒரு டஜன் கார்பன் அம்புகளை ஒரு கடை எங்கள் தலையில் கட்டியது. பையன் வில்லை இழுக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாண் முழுதாகப் பின்வாங்குவதற்குள் அம்பின் முனை, வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டைத் தாண்டி உள்ளே வந்து, கைப்பிடியைப் பற்றியிருந்த அவனுடைய பெருவிரலுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் விட்டிருந்தால் அம்பு கையைத் துளைத்திருக்கும். மெதுவாக இறக்கச் சொன்னேன். வெட்டிய அம்பைத் திரும்பப் பெறுவதில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்; ஆனால் பணத்தை வாங்கும்போது அந்த விதியை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

விரித்த கைகளின் அகலத்தை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால் இழுநீளம், அதாவது வில்லை முழுதாக இழுக்கும் தூரம், ஏறக்குறைய கிடைக்கும். என் தம்பி மகனுக்கு 70 அங்குலம், ஆகவே 28. ஆனால் இது வில்லின் முனைச் சக்கரமான கேமை அமைப்பதற்கான எண்ணே தவிர, அம்பின் நீளம் அன்று. இந்த 28இல் கைப்பிடியின் குழிவுக்கு அப்பாலுள்ள ஒன்றே முக்கால் அங்குலமும் அடங்கியிருக்கிறது. ரெஸ்ட் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதோ இதில் இல்லவே இல்லை.

ஆகவே வெட்டாத நீண்ட அம்பை நாணில் மாட்டி, இலக்குப் பலகையை நோக்கி நின்று, மகன் முழுதாக இழுத்திருக்கும்போது, பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் ரெஸ்டுக்கு நேராக அம்பில் ஸ்கெட்ச் பேனாவால் கோடிட வேண்டும். முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, அனுபவசாலிக்கு ஓர் அங்குலமும், வளரும் பிள்ளைக்கு இரண்டு அங்குலமும் கூட்டிக்கொள்ளுங்கள். முனையில் செருகும் பாயிண்ட் இந்தக் கணக்கில் சேராது. அரை அங்குலமே போதும் என்று சொல்லும் போட்டியாளர்கள் இருக்கிறார்கள். நான் பயிற்சியாளன் அல்லன், அவர்களோடு வாதிட வரவில்லை, ஆனால் அவர்களுடைய இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும், பிள்ளையினுடையது அப்படி நிற்காது.

நீளம் கூடினால் அம்பு அதிகமாக வளையும் என்பதால் அம்பின் விறைப்பைக் காட்டும் ஸ்பைன் எண்ணையும் அந்த நீளத்துக்கே பாருங்கள். எண் குறையக் குறைய அம்பு விறைப்பானது, 400 என்பது 500ஐ விட விறைப்பு. ஸ்பைன் அட்டவணையில் வில்லின் உச்ச எடையை, அதாவது இழுக்கும்போது கையில் வரும் அதிகபட்ச எடையைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும், முழுதாக இழுத்தபின் கையில் தங்கும் குறைந்த எடையை அன்று. வெட்டாத அம்பை விற்க மாட்டோம் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் வேறு கடையில் வாங்குங்கள்.