தக்காளியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் காய்க்குமா?

கேள்வி: மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். கிழக்குப் பார்த்த பால்கனி. வாஷிங் மெஷின், துணி காயும் ஸ்டாண்ட் போக, தொட்டி வைக்கத் தரையில் இடமே இல்லை. பக்கெட்டின் அடியில் துளை போட்டுத் தக்காளியைத் தலைகீழாக வளர்ப்பதை வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: செய்யலாம், காய்க்கவும் செய்யும். ஆனால் தலைகீழாக வைப்பதால் கூடுதலாகக் காய்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதில் மிச்சமாவது தரையிடமும், முட்டுக்கொடுக்கும் வேலையும்தான்.

செடிக்கு இது பிடித்த நிலை அல்ல. சாய்ந்த தண்டின் கீழ்ப்பக்கத்தில் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சேரும். அந்தப் பக்கம் வேகமாக நீள்வதால் நுனி மேல்நோக்கி வளையும். ஆகவே உங்கள் செடி பக்கெட்டைச் சுற்றிக்கொண்டு மேலே வரத்தான் பார்க்கும். காய் பிடித்த பிறகு பாரம் அதைக் கீழே இழுக்கும். தண்டு தடித்த ரகங்கள் அந்த வளைவில் முறிந்துபோகும். அதனால் நாட்டுத் தக்காளி வேண்டாம். செர்ரி தக்காளி போடுங்கள். தண்டு மெலிது, காயும் சிறிது. மிளகாய், கத்தரி எல்லாம் நிமிர்ந்து நிற்கவே பிறந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

மூடியுள்ள பத்து லிட்டர் பக்கெட் போதும். வெள்ளை நிறமாக இருந்தால் நல்லது, கறுப்பு வெயிலில் வேரை வேகவைத்துவிடும். அடியில் இரண்டு அங்குலத் துளை. ஒரு சாண் உயர நாற்றின் இலைகளைக் காகிதத்தில் சுருட்டி, பக்கெட்டின் உள்ளிருந்து துளை வழியே வெளியே விடுங்கள். தண்டைச் சுற்றி, நடுவில் கீறிய ஸ்பான்ஜ் துண்டு ஒன்றை வைத்தால் மண் கொட்டாது. அப்புறம் கலவை: இரண்டு பங்கு அலசிய தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம். மூடியில் சில துளைகள் போட்டு இறுக்கி, பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, இரண்டு மூன்று வாரம் செடியை நேராகவே வளரவிடுங்கள். வேர் பிடித்ததும் திருப்பித் தொங்கவிடலாம். பலரும் அவசரத்தில் இதைச் செய்வதில்லை. நாற்று நழுவி விழுவது அதனால்தான்.

நனைந்த பக்கெட் பத்து கிலோவைத் தொடும். கான்கிரீட் கூரையில் பதித்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் கூடவே கூடாது.

உங்களுக்கு அதிகத் தொல்லை தரப்போவது தண்ணீர். ஊற்றியது கீழே ஒழுகும், மேல்மண் சீக்கிரம் காயும். ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று போனால் கால்சியம் காய்க்குச் சரியாகப் போய்ச் சேராமல் அடிப்பகுதி கறுத்துவிடும். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சொட்டத் தொடங்கியதும் நிறுத்துங்கள். இலை நனைந்தே இருந்தால் பூஞ்சை நோயும் வரும். கீழே ஒரு தட்டு வைத்துவிடுங்கள், இரண்டாவது மாடியில் துணி காயும்!

மொட்டை மாடியில் உச்சிவெயில் நேரத்தில் பக்கெட்டே செடிக்கு நிழலாகிவிடும். உங்கள் பால்கனியில் காலை வெயில் சாய்ந்து விழுவதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோடை இரவுச் சூட்டில் தக்காளிப் பூ உதிரும் என்பதால் செப்டம்பரில் விதைப்பது நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் பக்கெட்டை இறக்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

வெயில் குறைவு என்றால் தக்காளியை விடுங்கள். அதே கொக்கியில் தொட்டியை நேராகவே மாட்டிப் புதினாவோ வல்லாரையோ வையுங்கள். அவை தாமாகவே விளிம்பு தாண்டித் தொங்கும், துவையலுக்கும் ஆகும்.