மச்சாளின் மின்பிறப்பாக்கியும் பொலிஸ் புத்தகத்தில் ஒரு கையெழுத்தும்

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மச்சாள், கணவரின் ஒன்றுவிட்ட தங்கை, ஓய்வு பெற்றதும் நான்கு மாதம் ஊர்க் கடற்கரையோரம் இருந்துவிட்டுப் போக ஆசைப்பட்டார். காரைநகரில் கசூரினா கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் என் சீதன வீட்டை 2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை கொடுத்தேன். முத்திரைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். ஆறு லட்சம் ரூபாய் முழுவதையும் முன்கூட்டியே தந்தார். மே 9ஆம் திகதி கொழும்பில் கலவரம் வெடித்து ஊரடங்கு போட்டதும், திறப்பை மேசையில் வைத்துவிட்டு அந்த வாரமே புறப்பட்டுப் போய்விட்டார். இங்கே ஒரு கல்லும் விழவில்லை. ஜூன் நடுப்பகுதியில் வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். இவ்வளவு காலம் பேசாமல் இருந்தவர் இப்போது மிகுதிப் பணத்தைப் பவுணில் கேட்டுச் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறார். பொலிஸிலும் முறைப்பாடு. வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். சொந்தத்துக்குள் இப்படிச் செய்யலாமா? – ஒரு வாசகி, காரைநகர்

பதில்:

அம்மா, உங்கள் கடிதம் பதினொரு பக்கம். மச்சாளுக்காகச் சுவருக்குப் புதுப் பூச்சு அடித்தது, நண்டுக்கறி சமைத்துக் கொடுத்தது, அவர் உங்கள் மாமியாரின் அந்தியேட்டிக்கு வராதது எல்லாவற்றையும் வாசித்தேன். மனம் நொந்துதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவற்றில் ஒன்றையும் எந்த நீதிபதியும் கேட்கமாட்டார். ஒன்பதாம் பக்கத்தில் ஓரமாக எழுதிய ஒரு வரிதான் உங்கள் வழக்கு: "பின்னறையில் பூட்டி வைத்துவிட்டுப் போன சாமான்களில் மின்பிறப்பாக்கியை மட்டும், கறள் பிடிக்கிறது என்று 45,000 ரூபாய்க்கு விற்றுவிட்டேன்."

அந்த வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். அது சுருக்கமான விடயம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வீட்டுக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். நீங்கள் வைத்திருக்கும் முத்திரைத் தாள் நான்கு மாதக் குத்தகையாகச் சட்டத்தில் நிற்காது. "நான்கு மாதத்துக்குப் பேசினோம், நடுவில் போனது அவர் பிழை" என்று நீங்கள் சொல்ல முடியாது. நீதிமன்றம் அதை மாத வாடகையாகத்தான் பார்க்கும். ஏப்ரலும் மேயும் உங்களுடையவை. முன்னறிவித்தல் தராமல் போனதற்கு ஜூனையும் கேட்கலாம் என்றால், ஜூன் நடுவிலேயே வேறு குடும்பத்திடம் வாடகை வாங்கத் தொடங்கிவிட்டீர்கள். ஒரே வீட்டுக்கு ஒரே நாட்களில் இரண்டு வாடகை எடுக்க முடியாது. மாதம் ஒன்றரை லட்சம் என்றால், நியாயமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியது அரை ஜூனும் ஜூலையும், அதாவது 2,25,000 ரூபாய். பவுண் கணக்கை விட்டுவிடுங்கள். அந்த வருடம் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது உண்மை. ஆனால் நீங்கள் வாங்கியது ரூபாய், தாளில் எழுதியிருப்பதும் ரூபாய்.

மச்சாளின் சட்டத்தரணி "நியாயமான அச்சம்" என்று எழுதியிருக்கிறார். அது வெறும் பேச்சு அல்ல. வீட்டு வாடகையில் நம்முடைய பொதுச் சட்டமான றோமன்-டச்சுச் சட்டம், ஆபத்து உண்மையில் வராவிட்டாலும் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்து வீட்டைவிட்டு வெளியேறியவர் அதன் பிறகு வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய றோமானியச் சட்ட அறிஞர்கள் இதைப் பேசியிருக்கிறார்கள். காரணமில்லாமல் அஞ்சினால் வாடகை கொடுத்தே ஆகவேண்டும். அந்த மே மாதத்தில் வீடுகள் எரிந்ததும் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் நிட்டம்புவையில் கொல்லப்பட்டதும் தெற்கில். பதின்மூன்று மணிநேர மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் துன்பம்தான், அவற்றை ஆபத்து என்று சொல்ல முடியாது. காரைநகரில் இருந்தவர் அஞ்சியதற்கு நியாயம் இருந்ததா என்று இரு பக்கமும் வருடக்கணக்கில் வாதாடலாம். உங்கள் குத்தகை முதலிலேயே நிற்காதபோது அந்த வாதத்தால் யாருக்கும் பயனில்லை. சட்டத்தரணிகளுக்குத்தான் வருமானம்.

இனிக் காலக்கெடு. எழுத்து ஒப்பந்தத்தில் வழக்குப் போட ஆறு ஆண்டு, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று. உங்கள் தாள் குத்தகையாக நிற்காததால், மச்சாள் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை மூன்று ஆண்டுக் கோரிக்கை என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. அந்த மூன்று ஆண்டு 2025இலேயே போய்விட்டது. நான்கு மாதத்தை உங்களிடமிருந்து பறித்த அதே குறை, காலத்தை உங்களுக்குத் தருகிறது. ஆனால் நீங்களே எடுத்துச் சொன்னால்தான் நீதிமன்றம் காலாவதியைக் கணக்கில் எடுக்கும்.

இந்த இடத்தில்தான் சனிக்கிழமை வருகிறது. நான் மற்ற எதையும்விட அதைப் பற்றித்தான் பயப்படுகிறேன்.

பொலிஸ் நிலையத்தில் நடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாங்கில் இரண்டு மணிநேரம் இருக்க வைப்பார்கள். பிறகு மேசைக்கு அழைத்து, மிக அன்பாக, "அம்மா, சொந்தக்காரர்தானே, ஏன் வழக்கு? எப்போது கொடுப்பீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள்" என்பார்கள். களைப்பில், வெட்கத்தில், யாராவது தெரிந்தவர் கண்டுவிடுவாரோ என்ற பதற்றத்தில் நீங்கள் எழுதுவீர்கள்: "மாதம் 25,000 வீதம் கொடுக்கச் சம்மதிக்கிறேன்." கீழே கையெழுத்து. கடனை எழுத்தில் ஏற்றுக் கையொப்பமிட்டால் காலம் புதிதாக ஓடத் தொடங்க இடமுண்டு. வாயால் சொன்னது அப்படி ஆகாது. எழுதியது ஆகும். முதல் தவணையைக் கொடுத்தால் அதுவும் ஆகும். சாவகச்சேரிப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் நான்கு தவணை கட்டிய பிறகு என்னிடம் வந்தார். பொலிஸ் புத்தகத்தில் அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. வாசித்துக் காட்டியபோது, தான் ஒப்புக்கொண்ட தொகை அவர் வாங்கிய தொகையின் இரட்டிப்பு என்று தெரிந்து, அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் புத்தகத்தோடுதான் அவருடைய வழக்கு முழுவதும் ஓடியது.

வெறும் வாடகைப் பணத்துக்கு மட்டும் அழைத்திருந்தால், "இது சிவில் விடயம், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு வரச் சொல்லியிருப்பேன். மின்பிறப்பாக்கியை விற்றுவிட்டதால் அப்படிச் சொல்ல வழியில்லை. வாடகை நிலுவை இருந்தால் வீட்டுக்காரர் குடியிருப்பவரின் சாமான்மீது உரிமை கேட்கலாம் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். நிலுவை இருந்தாலும் அந்த உரிமை நீதிமன்றம் வழியாகத்தான் வரும். உங்களிடமோ நிலுவையே இல்லை. பணம் முழுவதும் முன்கூட்டியே வந்துவிட்டது. உங்கள் பூட்டுக்குள் அவர் நம்பி விட்டுச்சென்ற பொருளை விற்றுக் காசை எடுத்தது கையாடல், நம்பிக்கை மோசடி என்ற குற்றங்களின் எல்லைக்குள் வருகிறது. "கறள் பிடித்தது" என்பதற்கு ஒரு படமாவது எடுத்தீர்களா? விற்பதற்கு முன் மச்சாளுக்கு ஒரு வரி அனுப்பினீர்களா? இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பணக் கோரிக்கை மூன்று ஆண்டில் காலாவதியாகும். குற்றத்துக்கு வழக்குத் தொடர இருபது ஆண்டு இருக்கிறது. மச்சாளின் சட்டத்தரணி இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் பொலிஸுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் குறி வைத்திருப்பது ஆறு லட்சத்தின் மிகுதி. அதற்கு நெம்புகோல் 45,000 ரூபாய் மின்பிறப்பாக்கி.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: தீர்த்துவிடுங்கள். காலாவதி என்ற வாதம் உங்களுக்கு இருக்கிறது என்பதற்காக வழக்காடப் போகாதீர்கள். 2,25,000 ரூபாயும், அதே அளவு மின்பிறப்பாக்கியின் இன்றைய விலையும். ஒரே தடவையில், வங்கி மூலம். தவணை வேண்டவே வேண்டாம். "எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற வார்த்தைகளோடு உங்கள் சட்டத்தரணியின் கடிதத்தில் போக வேண்டும். மச்சாள் கையொப்பமிட்டுத் தரும் தீர்வுப் பத்திரத்தில் பணக் கோரிக்கை மட்டுமல்ல, சாமான்கள் பற்றிய முறைப்பாட்டையும் தொடரமாட்டார் என்று இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் முடித்துவிட்டு நிம்மதியாக உறங்கியவர்கள் மற்றதோடு மீண்டும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர் லண்டனில் இருப்பதால், இங்கே அவருக்காக ஒப்பமிடுபவரிடம் முறையான அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரம், இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைவிடுங்கள்.

அவரோடு நேரில் பேசத்தான் வேண்டுமென்றால், வழக்கில்லாமல் இணக்கம் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் பேசுங்கள். அங்கே சொல்வதைப் பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது. பொலிஸ் புத்தகத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டத்தரணி கடிதத்துக்கு நீங்களே பதில் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் "மச்சாள், கொஞ்சம் பொறுங்கள், தருகிறேன்" என்று தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். பாசத்தில் எழுதுகிற அந்த ஒரு வரியைக் கடன் ஒப்புதலாகத்தான் வாசித்துக் காட்டுவார்கள். அதற்காகப் பதிலே போடாமலும் விடவேண்டாம். மறுக்க வேண்டியதை மறுக்காமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் இருக்கிறது. பதில் சட்டத்தரணி மூலம், திகதிக்குள்.

சனிக்கிழமை தனியாகப் போகாதீர்கள். சட்டத்தரணியோடு போக உங்களுக்கு உரிமை உண்டு. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதியதை முழுவதும் வாசித்துப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். தொகை, தவணை, திகதி என்று ஒன்றும் அதில் வரக்கூடாது.

அதற்கு முன்னதாக, நாளைக்கே, விதானையாரை (கிராம அலுவலரை) அழைத்துப் பின்னறையைத் திறந்து மிஞ்சியிருக்கும் சாமான்களைப் பட்டியலிட்டுப் படம் எடுங்கள். சைக்கிள், தையல் இயந்திரம், இரண்டு பயணப்பெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டிகளைத் திறக்காமல், பூட்டோடு படம் எடுங்கள். பட்டியலின் ஒரு பிரதி விதானையாரிடம் இருக்கட்டும். அதன் பிறகு அந்த அறையின் திறப்பை உங்கள் மகனிடம்கூடக் கொடுக்காதீர்கள்.