அப்பாவின் மில் காலம்: வருஷம் குழம்பினால்

அப்பாவின் வாழ்க்கைக் கதையை எழுத, சென்னை பின்னி துணி மில்லில் வேலை பார்த்த அவரிடம் நாலு மணி நேரம் பதிவு செய்தும் வருஷங்கள் குழம்புகின்றன என்கிறீர்கள். "எந்த வருஷம்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "அண்ணா இறந்தப்போ பெரம்பூர்ல எந்தத் தெருவுல இருந்தீங்க, எந்த ஷிப்ட்?" என்று கேளுங்கள், 1969 பிப்ரவரி தானாக வந்து உட்காரும். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி, மறைந்தது 1987 டிசம்பர். இப்படி நாலைந்து முளை அடித்தால் போதும்.

ஒரு தடவைக்கு 40 நிமிஷம். களைத்துவிட்டால் சொன்னதையே சொல்வார். கேட்டதை அன்றிரவே எழுதுங்கள். அவருடைய 'அப்பால'வை 'பிறகு' ஆக்கினால் ஆளே காணாமல் போய்விடுவார்.

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். சங்கு ஊத, சோத்து டப்பாவோடு கேட்டுக்கு ஓடிய ஒரு காலை, 300 சொல்லில். வேலைநிறுத்தத் தேதிகளை மட்டும் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழோடு ஒப்பிடுங்கள்.